திரும்பி வரும் பாதை

1990களில் விற்பனையான ஃபோர்டு எஃப்-150, செவர்லே சி-1500, டாட்ஜ் ராம் போன்ற பிக்-அப் வண்டிகள் அமெரிக்காவின் பண்ணைகளிலும் கட்டுமான இடங்களிலும் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. எஞ்சின் சத்தமில்லாமல் ஓடும், கியர் ஒழுங்காக விழும். ஆனால் கதவைத் திறந்தால் கேபின் விளக்கு எரியாது. பின்கண்ணாடிக்கு மேலே, சரக்குத் தொட்டியைப் பார்த்தபடி இருக்கும் கார்கோ விளக்கு மங்கலாக எரியும், அல்லது அணையவே மறுக்கும். வண்டியை நிறுத்திவிடும் கோளாறு இல்லை என்பதால் உரிமையாளர் அதைத் தள்ளிப்போடுவார். ஒரு குளிர்காலக் காலையில் பேட்டரி முழுவதும் இறங்கி, வண்டி கிளம்பாமல் நிற்கும்போதுதான் அந்தச் சின்ன விளக்கின் ஞாபகம் வரும்.

இந்த விளக்குகளின் மின்சுற்று, பள்ளிப் பாடத்தில் வரும் சுற்றைவிட அதிகம் சிக்கலானது இல்லை. பேட்டரி, ஃப்யூஸ், சுவிட்சு, பல்பு, வண்டியின் இரும்பு உடல், அவ்வளவுதான். இருந்தும் பல்பை மாற்றி, ஃப்யூஸை மாற்றி, சுவிட்சையும் மாற்றிப் பணம் செலவழித்த பிறகும் விளக்கு எரியாமலே இருப்பது அடிக்கடி நடக்கிறது. காரணம், தேடுபவர் கேட்கும் கேள்வி. “இங்கே கரண்ட் வருகிறதா?” என்று கேட்டு, மீட்டர் 12 வோல்ட் காட்டியதும் திருப்தியடைந்துவிடுகிறார். வந்த மின்னோட்டம் பேட்டரிக்குத் திரும்பிப் போக முடிகிறதா, போகும்போது வழியில் எவ்வளவு வோல்ட் இழப்பாகிறது என்று அவர் கேட்பதில்லை. பழைய வண்டிகளின் விளக்குக் கோளாறுகளில் பெரும்பகுதி இந்தக் கேட்கப்படாத கேள்விக்குள்தான் ஒளிந்திருக்கிறது.

இரும்பும் ஓர் ஒயர்தான்

வீட்டில் ஒரு விளக்குக்குக் குறைந்தது இரண்டு ஒயர்கள் வேண்டும். வண்டியில் பல இடங்களில் ஒன்றே போதும். பேட்டரியின் ஒரு முனையை வண்டியின் இரும்பு உடலோடு பிணைத்துவிட்டால், எந்த விளக்கிலிருந்தும் மின்னோட்டம் அருகிலுள்ள தகட்டில் இறங்கி, உடல் வழியாகவே பேட்டரிக்குத் திரும்பிவிடும். இரும்பின் மின்தடை எண் செம்பைவிட ஆறேழு மடங்கு அதிகம். ஆனால் ஒயரோடு ஒப்பிட்டால் உடல் தகட்டின் குறுக்குப் பரப்பு மிகப் பெரியது என்பதால் அது நல்ல கடத்தியாகிறது. செம்பும் எடையும் மிச்சம்.

பேட்டரியின் எந்த முனையை உடலோடு இணைப்பது என்பதில் ஒரு காலத்தில் ஒற்றுமை இருக்கவில்லை. ஃபோர்டு 1955 வரை 6 வோல்ட் அமைப்பை வைத்துக்கொண்டு, நேர்முனையை எர்த் செய்தது. 1956 மாடலில் 12 வோல்ட்டுக்கும் எதிர்முனை எர்த்துக்கும் மாறியது. வோல்ட் இரட்டிப்பானால் அதே வாட்டுக்குப் பாதி ஆம்பியர் போதும், ஒயரில் இழப்பும் குறையும். நாம் பேசும் 1980, 90களின் பிக்-அப்கள் எல்லாமே 12 வோல்ட், எதிர்முனை எர்த்.

இங்கே பிக்-அப்புக்கு மட்டும் ஒரு தனிச் சிக்கல் உண்டு. சாதாரணக் காரின் உடல் ஒரே கூடாகப் பற்றவைக்கப்பட்டது. பிக்-அப்போ மூன்று துண்டு: கீழே ஏணிபோன்ற சட்டகம், அதன்மேல் ரப்பர் மெத்தைகளில் உட்கார்ந்திருக்கும் கேபின், பின்னால் தனியாகப் போல்ட் போட்டு இறுக்கிய சரக்குத் தொட்டி. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. கேபினிலிருந்து எஞ்சினுக்கும் சட்டகத்துக்கும் மின்னோட்டம் போக வேண்டுமானால், பின்னிய செம்புப் பட்டைகளோ தடித்த எர்த் ஒயர்களோ வேண்டும். எஞ்சின் வேலை முடிந்தபின் அந்தப் பட்டையைத் திரும்ப மாட்ட மறந்தால், கேபினின் மின்னோட்டம் எல்லாம் வேறு வழி தேடும். ஆக்சிலேட்டர் கேபிள், கியர் கேபிள் போன்ற மெல்லிய உலோகங்கள்கூட எர்த் பாதையாகிச் சூடேறுவது உண்டு. கார்கோ விளக்கு கேபினின் பின்சுவரில் இருப்பதால் அது கேபின் எர்த்தை நம்பியிருக்கிறது. தொட்டிக்குள் பிறகு யாரோ கூடுதலாகப் பொருத்திய விளக்குகள் தொட்டியின் எர்த்தையோ சட்டகத்தின் எர்த்தையோ நம்பியிருக்கலாம். ஒன்று நன்றாக எரிந்து மற்றொன்று மங்கினால், இரண்டின் திரும்பும் பாதைகளும் வேறு என்பதே அதன் முதல் துப்பு.

ஒரே காயம், இரண்டு நோய்

சுவிட்சைச் சுற்றின் எந்தப் பக்கம் வைத்தாலும் விளக்கு எரியும், அணையும். ஆனால் ஒயர் தேயும்போது அந்தத் தேர்வின் விளைவு வெளியே தெரியும்.

செவர்லேயைத் தயாரிக்கும் ஜெனரல் மோட்டார்ஸின் பழைய பிக்-அப்களில் கேபின் விளக்குக்கு 12 வோல்ட் எப்போதும் வந்துகொண்டே இருக்கும். ஆரஞ்சு ஒயர் அந்த வேலையைச் செய்யும். விளக்கின் மறுமுனையிலிருந்து புறப்படும் வெள்ளை ஒயர் கதவுச் சுவிட்சுக்குப் போகும். கதவு திறந்தால் சுவிட்சு அதை உடலோடு இணைக்கும். ஹெட்லைட் சுவிட்சின் குமிழைக் கடைசிவரை திருப்பினால் கேபின் விளக்கு எரிவதும் இதே எர்த் பக்கத்து வேலைதான். அதே காலத்து ஃபோர்டு பிக்-அப்களில் ஏற்பாடு தலைகீழ். விளக்கு நிரந்தரமாக எர்த் ஆகியிருக்கும். பேட்டரியின் 12 வோல்ட் கதவுச் சுவிட்சில் வந்து காத்திருக்கும், கதவு திறந்தால் விளக்குக்குப் போகும்.

இப்போது கதவுத் தூணுக்குள் ஓடும் ஒயரின் உறை தேய்ந்து, செம்பு தகட்டில் உரசுவதாகக் கொள்வோம். ஜெனரல் மோட்டார்ஸ் வண்டியில் வெள்ளை ஒயர் உரசினால், அது கதவைத் திறந்ததற்குச் சமம். விளக்கு அணையாமல் எரியும், ஃப்யூஸ் போகாது. ஃபோர்டு வண்டியில் காத்திருக்கும் 12 வோல்ட் ஒயர் உரசினால் அது நேரடி ஷார்ட். ஃப்யூஸ் அந்தக் கணமே போய்விடும். காயம் ஒன்றுதான், அறிகுறிகள் நேரெதிர். ஒரு வண்டிக்காரருக்குப் பலித்த வைத்தியம் பக்கத்து வண்டிக்குப் பலிக்காததன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

உங்கள் வண்டி எந்த வகை என்று அறிய வரைபடம் கையில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கேபின் விளக்கின் மூடியைக் கழற்றுங்கள், நல்ல பல்பு ஹோல்டரிலேயே இருக்கட்டும். கதவுகளை மூடி விளக்கு அணைந்த நிலையில், பல்பின் இரண்டு முனைகளையும் ஒவ்வொன்றாக உடல் எர்த்தோடு ஒப்பிட்டு அளந்து பாருங்கள். இரண்டும் 12 வோல்ட் காட்டினால் சுவிட்சு எர்த் பக்கம் இருக்கிறது. மின்னோட்டம் இல்லாததால் பல்பின் இழையில் இழப்பு எதுவும் இல்லை, பேட்டரியின் வோல்ட் அப்படியே மறுமுனையிலும் தெரிகிறது. இரண்டும் சுழியம் காட்டினால் சுவிட்சு மின்சாரம் வரும் பக்கத்தில் இருக்கிறது.

எர்த் பக்கச் சுவிட்சில் இன்னொரு பலவீனம் உண்டு. பழைய அழுத்துச் சுவிட்சு கதவுத் தூணில் திருகி இறுக்கப்பட்டிருக்கும், அந்தத் திருகுமறையே அதன் எர்த். தூணுக்கு மறுபடி பெயின்ட் அடித்தாலோ துரு பிடித்தாலோ, சுவிட்சு புத்தம் புதிதாக இருந்தாலும் விளக்கு எரியாது. விளக்கிலிருந்து வரும் ஒயரைச் சுவிட்சிலிருந்து எடுத்துச் சுத்தமான தகட்டில் தொட்டுப் பாருங்கள். விளக்கு எரிந்தால் ஒயர், பல்பு, ஃப்யூஸ் மூன்றும் குற்றமற்றவை.

ஃப்யூஸுக்குத் தெரிந்ததும் தெரியாததும்

ஃப்யூஸ் பல்பைக் காப்பாற்ற வைக்கப்பட்டது இல்லை, ஒயரைக் காப்பாற்ற வைக்கப்பட்டது. ஷார்ட் ஆகும்போது ஒயர் தீப்பிடிப்பதற்கு முன்னால் தான் உருகிவிட வேண்டும் என்பதே அதன் கடமை. தகடு வடிவ ஃப்யூஸ்களின் நிறமே அளவைச் சொல்லும்: சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. மஞ்சள் அடிக்கடி போகிறது என்று பச்சையைச் செருகுவது, ஒயரையே ஃப்யூஸாக மாற்றும் வேலை.

கேபின் விளக்கின் ஃப்யூஸ் பெரும்பாலும் தனிக்குடித்தனம் நடத்துவதில்லை. சாவி இல்லாதபோதும் மின்சாரம் வேண்டியவற்றைத் தயாரிப்பாளர்கள் ஒன்றாகச் சேர்த்துவைப்பார்கள். ரேடியோவின் நினைவு, கடிகாரம், சிகரெட் லைட்டர், ஹாரன் போன்றவற்றில் சில அதே ஃப்யூஸில் இருக்கலாம். விளக்கோடு கடிகாரமும் நின்றுபோயிருந்தால் தேடலை ஃப்யூஸில் தொடங்கலாம். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்து விளக்கு மட்டும் எரியாவிட்டால் ஃப்யூஸைத் தாண்டிப் பார்க்க வேண்டும். லைட்டர் குழிக்குள் விழுந்த ஒரு நாணயம் கேபின் விளக்கை அணைத்துவிடக்கூடும்.

வந்து வந்து போகும் ஷார்ட்டைப் பிடிக்க மெக்கானிக்குகள் ஓர் எளிய உபாயம் வைத்திருக்கிறார்கள். போன ஃப்யூஸின் இடத்தில் ஒரு பழைய பிரேக் விளக்கு பல்பை ஒயர் வைத்து மாட்டுவார்கள். எங்கேயும் ஷார்ட் இல்லை, விளக்குகளும் அணைந்திருக்கின்றன என்றால் அந்தப் பல்பு எரியாது. ஷார்ட் இருக்கும்வரை அது முழுப் பிரகாசத்தில் எரியும். பல்பின் மின்தடை மின்னோட்டத்தைச் சுமார் 2 ஆம்பியருக்குள் அடக்கிவைப்பதால் ஒயருக்கும் ஆபத்தில்லை. இனி ஃப்யூஸ்களை வீணடிக்க வேண்டாம். ஒயர்க் கட்டைக் கதவு மடிப்பிலும் சீட்டுக்குப் பின்னாலும் மெல்ல அசைத்துக்கொண்டே வந்தால், எந்த இடத்தில் பல்பு அணைகிறதோ அங்கேதான் உரசல்.

ஆனால் ஃப்யூஸ் அளவுக்கு மீறிய மின்னோட்டத்தை மட்டுமே உணரும். அளவுக்குக் குறைந்த மின்னோட்டம் அதன் கண்ணில் படாது. பழைய வண்டியின் முதன்மையான நோயோ அந்தக் குறைவுதான்.

12.6 வோல்ட் மறைக்கும் உண்மை

நல்ல நிலையில் ஓய்வெடுக்கும் ஈய-அமிலப் பேட்டரி, ஒரு செல்லுக்கு 2.1 வீதம் ஆறு செல்களுக்கு 12.6 வோல்ட் காட்டும். எரியாத கார்கோ விளக்கின் பல்பைக் கழற்றி, ஹோல்டரின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வைக்கிறோம். அதே 12.6. “மின்சாரம் சரியாக வருகிறது, பல்புதான் கோளாறு” என்று புதுப் பல்பைப் போடுகிறோம். எரியவில்லை.

டிஜிட்டல் மீட்டரின் உள்தடை பொதுவாக 1 கோடி ஓம். அதற்குள் போகும் மின்னோட்டம் ஒரு மைக்ரோ ஆம்பியரைச் சற்றே தாண்டும், அவ்வளவே. பாதையில் எங்கோ துருப்பிடித்த கப்ளரில் 1000 ஓம் தடை இருப்பதாகக் கொள்வோம். அந்தச் சிறு மின்னோட்டத்துக்கு 1000 ஓமில் ஏற்படும் இழப்பு ஓராயிரத்தில் ஒரு வோல்ட் அளவு. மீட்டரால் அதைக் காண முடியாது. அதே இடத்தில் பல்பைப் போட்டால் கதை மாறும். குளிர்ந்த பல்பின் இழைத்தடை ஓர் ஓம் அளவுக்குள்தான் இருக்கும். ஆயிரத்துக்கும் ஒன்றுக்கும் இடையே 12.6 வோல்ட் பங்கிடப்படும்போது பல்புக்குக் கிடைப்பது நூறில் ஒரு வோல்ட். மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய் அடைத்திருந்தாலும், தண்ணீர் திறக்காதவரை அடியில் அழுத்தமானி முழு அழுத்தத்தையே காட்டும். குழாயைத் திறந்தால்தான் குட்டு வெளிப்படும்.

ஜார்ஜ் ஓம் 1827இல் வெளியிட்ட விதியின் நடைமுறைப் பாடம் இதுதான்: மின்தடை தன்னை வெளிக்காட்ட மின்னோட்டம் ஓட வேண்டும். ஆகவே சுற்று வேலை செய்துகொண்டிருக்கும்போது அளக்க வேண்டும். பல்பு ஹோல்டரில் இருக்கட்டும், சுவிட்சு போட்டிருக்கட்டும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும், மறுமுனையைப் பல்பின் எர்த் முனையிலும் வையுங்கள். காட்டும் வோல்ட், திரும்பும் பாதை முழுவதும் விழுங்கிய வோல்ட். பிறகு பேட்டரியின் நேர்முனைக்கும் பல்பின் வரும் முனைக்கும் இடையே அளந்தால், வரும் பாதை விழுங்கியது தெரியும். 0.8 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரின் தடை ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 0.02 ஓம் மட்டுமே. ஆறு மீட்டர் ஓடினாலும் இரண்டு கார்கோ பல்புகளின் மின்னோட்டத்துக்கு இழப்பு அரை வோல்ட்டைத் தொடாது. மீட்டர் 2 வோல்ட், 5 வோல்ட் என்று காட்டினால் திருடன் அந்தப் பக்கம்தான் இருக்கிறான்.

ஓர் ஓம் என்றால் அற்பம் என்று தோன்றும். கணக்கைப் பார்ப்போம். கார்கோ விளக்குகளில் பரவலாகப் பயன்படும் 921 எண் பல்பு, 12.8 வோல்ட்டில் 1.4 ஆம்பியர் எடுக்கும். அப்படி இரண்டு பல்புகள் ஒரே எர்த்தைப் பகிர்ந்துகொள்கின்றன, அந்த எர்த் இணைப்பில் 1 ஓம் தடை சேர்ந்துவிட்டது என்போம். மின்னோட்டம் சுமார் 2.5 ஆம்பியராகக் குறையும், பல்புகளுக்குச் சுமார் 10 வோல்ட்தான் எட்டும். இழை பல்பின் வெளிச்சம் வோல்ட்டுக்கு நேர்விகிதத்தில் குறைவதில்லை. ஏறக்குறைய அதன் 3.4 அடுக்கில் சரியும். வோல்ட்டில் ஐந்தில் ஒரு பங்கு போனதற்கு வெளிச்சத்தில் பாதி போய்விடுகிறது. மறைந்த சக்தி எங்கே? அந்தத் துருப்பிடித்த இணைப்பில் சுமார் 6 வாட் வெப்பமாக. ஒரு சிறு கப்ளரின் பிளாஸ்டிக்கைப் பழுப்பாக்கி இளக்க அது போதும். மின்னோட்டம் வழக்கத்தைவிடக் குறைவாக இருப்பதால் ஃப்யூஸ் ஒன்றும் அறியாமல் இருக்கும்.

இழை பல்பை ஓம் மீட்டரால் சோதிப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. 921 பல்பு எரியும்போது அதன் தடை சுமார் 9 ஓம். குளிர்ந்த நிலையில் அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகக் காட்டும். டங்ஸ்டன் இழையின் தடை வெப்பத்தோடு பத்து மடங்குக்கு மேல் ஏறுவதே காரணம். அணைந்திருக்கும் பல்பு, எரியும் பல்பைப் பற்றிச் சாட்சி சொல்லாது.

ஒரே வீட்டில் இரண்டு விளக்குகள்

அமெரிக்க வாகனப் பாதுகாப்புத் தரம் எண் 108, உயரத்தில் வைக்கும் மூன்றாவது பிரேக் விளக்கைப் பயணிகள் கார்களுக்கு 1986 மாடலிலிருந்தும், பிக்-அப் உள்ளிட்ட இலகு டிரக்குகளுக்கு 1994 மாடலிலிருந்தும் கட்டாயமாக்கியது. பிக்-அப்பில் அதற்கு ஏற்ற இடம் கேபினின் பின்கண்ணாடிக்கு மேலே. கார்கோ விளக்கும் அங்கேதான் வேண்டும். பல தயாரிப்பாளர்கள் இரண்டையும் ஒரே கூட்டுக்குள் வைத்தார்கள்: நடுவில் சிவப்பு, பக்கங்களில் வெள்ளை.

அந்தக் கூடு கேபின் தகட்டில் வெட்டிய ஒரு துளையை மூடுகிறது. அடியில் இருக்கும் நுரை கேஸ்கெட் வெயிலில் காய்ந்து சுருங்கியதும் மழைநீர் உள்ளே இறங்கும். கூரைத் துணியில் கறை, சீட்டுக்குப் பின்னால் ஈரக் கார்ப்பெட், ஹோல்டரில் பச்சைப் பூச்சு ஆகியவை எல்லாமே அதன் அடையாளங்கள். அமெரிக்காவின் வட மாநிலங்களில் பனி உருகச் சாலையில் தூவும் உப்பும் சேர்ந்தால் அந்த ஈரம் நல்ல மின்பகு திரவமாகிறது.

12 வோல்ட் எப்போதும் நிற்கும் முனைக்கும் உடல் தகட்டுக்கும் இடையே ஈரம் பாலம் போட்டால், விளக்கு அணைந்திருக்கும்போதும் அங்கே மின்பகுப்பு நடக்கும். நேர்முனையில் இருக்கும் செம்பு அயனியாகக் கரையும். ஃபாரடேயின் மின்பகுப்பு விதிப்படி, ஓராயிரத்தில் ஒரு ஆம்பியர் மட்டும் ஓராண்டு இடைவிடாமல் கசிந்தால் கரையக்கூடிய செம்பு சுமார் 10 கிராம். ஒரு பல்பு ஹோல்டரின் முனைகளில் அவ்வளவு செம்பே கிடையாது. எப்போதும் உயிரோடிருக்கும் முனை ஈரத்தில் முதலில் மடிவது இதனால்தான்.

இரண்டு விளக்குகள் ஓர் எர்த்தைப் பகிரும்போது விசித்திரமான காட்சிகளும் கிடைக்கும். கார்கோ சுவிட்சில் ஒரு சிறு காட்டி விளக்கு இருக்கிறது, கூட்டின் பொது எர்த் அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இரவில் ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கிறார். மூன்றாவது பிரேக் விளக்கு எரியவில்லை, ஆனால் டாஷ்போர்டில் கார்கோ காட்டி எரிகிறது. வண்டிக்குப் பேய் பிடித்ததாகவே தோன்றும்.

மின்னோட்டத்தின் பாதையைத் தொடர்ந்தால் புதிர் அவிழும். பிரேக் பல்பைத் தாண்டிய மின்னோட்டம், எர்த் இல்லாததால் கார்கோ பல்புகள் வழியே தலைகீழாக ஏறி, கார்கோ ஒயரில் முன்னோக்கி வந்து, காட்டி விளக்கைக் கடந்து, அதன் நல்ல எர்த்தில் இறங்குகிறது. தொடரில் நிற்கும் விளக்குகளில் அதிகத் தடை உள்ளதே அதிக வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். சிறு காட்டியின் தடை பல பத்து ஓம், குளிர்ந்திருக்கும் பெரிய பல்புகளின் தடையோ ஓர் ஓம் அளவு. ஆகவே காட்டி நன்றாக எரிகிறது, பெரிய பல்புகள் ஒயராக மட்டும் உழைக்கின்றன. பழுது கூரைக்கு அருகில், அறிகுறி டாஷ்போர்டில். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு விளக்குகள் சேர்ந்து கூத்தடித்தால், அவை பகிர்ந்துகொள்ளும் எர்த்தை முதலில் பாருங்கள்.

அணையாத விளக்கு

எரியாத விளக்கு தொந்தரவு. அணையாத விளக்கு செலவு. இரண்டு கார்கோ பல்புகள் சேர்ந்து 2.8 ஆம்பியர் எடுக்கும். 60 ஆம்பியர்-மணி பேட்டரியை அது ஒரு நாளுக்குள் காலி செய்துவிடும். ஓரிரவு எரிந்தாலே பேட்டரி பாதியாகி, குளிர்ந்த எஞ்சினைச் சுழற்றத் திணறும். வண்டி நிற்கும்போது கடிகாரமும் கணினி நினைவும் சேர்ந்து எடுக்கும் மின்னோட்டம் 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். அந்த வேகத்தில் அதே பேட்டரி இறங்க ஏறக்குறைய 50 நாள் ஆகும்.

தேடும் வரிசை எளியது. ஹெட்லைட் குமிழ் கடைசிவரை திரும்பியிருக்கிறதா, கார்கோ சுவிட்சு தெரியாமல் அழுத்தப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்து கதவுகள். பழைய அழுத்துச் சுவிட்சின் தண்டு அழுக்கில் சிக்கி வெளியே வராமல் போகலாம், அப்போது விளக்கு எரியாது. கதவு தொங்கிப்போய்த் தண்டை முழுவதும் அழுத்தாவிட்டால் விளக்கு அணையாது. 1997 மாடலாக வந்த புதிய எஃப்-150 போன்ற வண்டிகளில் சுவிட்சு கதவுத் தாழ்ப்பாளுக்குள்ளேயே போய்விட்டது. தாழ்ப்பாளில் கிரீஸ் காய்ந்து இறுகினால், கதவு மூடியிருந்தும் திறந்திருப்பதாக வண்டி நம்பும். தாழ்ப்பாளைச் சுத்தம் செய்து மசகு எண்ணெய் விட்டாலே பலமுறை தீர்ந்துவிடும். இவ்வகை வண்டிகளில் சுவிட்சுக்கும் விளக்குக்கும் நடுவில் ஒரு மின்னணுப் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. விளக்கை மெல்ல மங்கச் செய்வதும், மறந்துபோய் விட்ட விளக்கைச் சிறிது நேரத்தில் அணைப்பதும் அதன் வேலை. அங்கே அளப்பதற்கு முன், கதவுகளை மூடி அந்தப் பெட்டி தூங்கும்வரை காத்திருக்க வேண்டும்.

கசிவு எந்தச் சுற்றில் என்று அறிய ஃப்யூஸ்களைப் பிடுங்கத் தேவையில்லை. ஒவ்வொரு ஃப்யூஸின் முதுகிலும் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளுக்கு இடையே மில்லி வோல்ட்டில் அளந்தால் போதும். ஃப்யூஸுக்கும் சில மில்லி ஓம் தடை உண்டு. மின்னோட்டம் ஓடும் ஃப்யூஸ் சில மில்லி வோல்ட் காட்டும், ஓடாதது சுழியம் காட்டும்.

எல்.இ.டி. பல்பு போட்டால் எல்லாம் தீரும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. மின்செலவு குறையும் என்பது உண்மை. ஆனால் எல்.இ.டி. மிகக் குறைந்த மின்னோட்டத்திலேயே எரிவதால், பல ஓம் தடை சேர்ந்த கெட்ட எர்த்திலும் பளிச்சென்று ஒளிர்ந்து, நோயை மறைத்துவிடும். ஈரத்தில் கசியும் சிறு மின்னோட்டத்துக்கும் அணைய மறுத்து மெல்ல ஒளிரும். இணைப்பைச் சரிசெய்த பிறகு எல்.இ.டி.க்கு மாறுவதே முறை.

பாதிப் பாதியாகத் தேடுதல்

பேட்டரியிலிருந்து விளக்கு வரை சென்று திரும்பும் பாதையில் எட்டு இணைப்புகள் இருப்பதாகக் கொள்வோம். ஒன்றொன்றாகச் சோதித்தால் எட்டு முறை கழற்றிப் பூட்ட வேண்டியிருக்கலாம். நடுவில் எளிதில் எட்டும் ஒரு கப்ளரில், விளக்கு சுவிட்சு போட்ட நிலையிலேயே அளந்தால், பழுது முன்பாதியிலா பின்பாதியிலா என்று தெரிந்துவிடும். அந்தப் பாதியை மறுபடி பாதியாக்குங்கள். எட்டு இணைப்புகளுக்கு மூன்று அளவீடுகள் போதும், பதினாறுக்கு நான்கு. கதவுக்கும் உடலுக்கும் இடையே ரப்பர் குழாய்க்குள் ஓடும் ஒயர்கள், கதவு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் மடிந்து, உறை முழுதாக இருந்தாலும் உள்ளே செம்பு இழைகள் அறுந்துபோயிருக்கும். கதவிலும் விளக்குகள் உள்ள வண்டியில் அந்த இடத்தை மறக்க வேண்டாம்.

பழுது கண்ட இடத்தில் வேலை நேர்மையாக இருக்க வேண்டும். ஈரம் உறைக்குள் இழைகள் வழியாக வெகுதூரம் ஊர்ந்திருக்கும். பளபளக்கும் செம்பு தெரியும்வரை ஒயரை வெட்டிவிட்டு, அதே தடிமன் ஒயரைச் சேர்த்து, சரியான கருவியால் கிரிம்ப் செய்து, உட்புறம் பசை பூசிய சுருங்கும் குழாயால் மூடுங்கள். எர்த் வளையத்தின் அடியில் பெயின்ட்டையும் துருவையும் சுரண்டி, பல்வாஷர் வைத்து இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். கார்கோ கூட்டுக்குப் புதுக் கேஸ்கெட் போடுங்கள். வினிகர் வாசம் வீசும் சிலிக்கான் பசையை மின் இணைப்பருகே கொண்டுபோகக் கூடாது. அதிலிருந்து வெளியேறும் அசிட்டிக் அமிலம் செம்பை அரிக்கும்.

வேலைக்கு முன் பேட்டரியின் எதிர்முனையை முதலில் கழற்றுங்கள், முடிந்தபின் அதைக் கடைசியாக மாட்டுங்கள். சோதனைக்காக மின்சாரம் தேவைப்படும் நேரத்தில் மட்டும் இணைத்தால் போதும். 1990களின் நடுவிலிருந்து வந்த பிக்-அப்களில் ஏர்பேக் உண்டு. மஞ்சள் நிறக் கப்ளரில் டெஸ்ட் லேம்ப்போ மீட்டரோ வைக்கவே கூடாது.

விளக்கு எரியாத பழைய பிக்-அப்புக்குப் பல்பு வாங்கக் கடைக்குப் போகும் முன், விளக்கின் சுவிட்சைப் போட்டுவிட்டு, பேட்டரியின் எதிர்முனைக்கும் பல்பின் எர்த் முனைக்கும் இடையே ஒருமுறை அளந்து பாருங்கள். மீட்டர் சுழியத்தை ஒட்டி நின்று, பல்பு மங்கலாகவாவது எரிந்தால் திரும்பும் பாதை நல்லது, தேடலை மின்சாரம் வரும் பக்கம் திருப்புங்கள். பல்பு எரியவே இல்லையென்றால் மின்னோட்டம் ஓடவில்லை என்று மட்டுமே பொருள், முதலில் பல்பையும் வரும் பக்கத்தையும் பாருங்கள். பல வோல்ட் காட்டினால் பல்பை விட்டுவிட்டு, எர்த் பக்கத்தில் சுவிட்சு இருந்தால் அதையும் சோதித்து, எர்த்தைச் சுரண்டத் தொடங்குங்கள். ஒரு நிமிட வேலை அது, சாதாரண மல்டிமீட்டர் போதும்.